எந்த மருந்து?

எங்கள் வீட்டில் மருந்து நான்கு இடங்களில் இருந்தது. உம்மாவின் சீனி வருத்தத்துக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசைகள் கிளினிக் கொப்பியோடு அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும். பரிசாரியிடம் வாங்கிய சூரணம் சமையலறையில் ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள். மாமா வயல்வட்டைக்குக் கொண்டுபோகும் மருந்து வீட்டுக்குள் வராது. பின்வளவில் வேலியோரம் ஒரு பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். நான்காவது மருந்தை யாரும் கண்ணால் கண்டதில்லை. நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மெலிந்துபோனால், மணமுடித்துப் பெண்வீட்டுக்குப் போன மகன் தாய் வீட்டுப் பக்கம் எட்டிப் பாராவிட்டால், “யாரோ சோத்துல மருந்து வெச்சிட்டாங்க” என்று மூத்தம்மா குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

நோயைத் தீர்ப்பதும், பூச்சியைக் கொல்வதும், சோற்றில் கலந்து ஆளையே மாற்றிவிடுவதும் நமக்கு ஒரே சொல். கல்முனை தொடங்கி சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை கடலுக்கும் வயலுக்கும் இடையில் நெருங்கி வாழும் நாம், உண்பதைப் பற்றியும் வைத்தியத்தைப் பற்றியும் கொள்ளும் அச்சங்களை யோசிக்கும்போதெல்லாம் நான் இந்தச் சொல்லிடம்தான் வந்து நிற்கிறேன். ஒரு மருந்துக்குரிய பயம் இன்னொரு மருந்தின் மேல் விழுகிறது. பயப்படவேண்டிய மருந்து பயப்படாமல் விடப்படுகிறது.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் நடந்தது அந்த நான்காவது மருந்தின் கதை. முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உண்ண வந்த சிலர் உணவுக்குள் ஒரு கட்டியைக் கண்டார்கள். சிங்களவரை மலடாக்கும் குளிசை கலந்திருப்பதாகச் சத்தம் எழுந்தது. கடையிலிருந்தவர் தமிழ் பேசுகிறவர். சிங்களம் அவருக்குச் சரியாக விளங்கவில்லை. சூழ்ந்து நின்று கேட்டவர்களுக்கு, பயத்தில், ஒப்புக்கொள்வதுபோல அவர் பதில் சொன்ன காட்சி பேஸ்புக்கில் பரவியது. கடை நொறுக்கப்பட்டது. நகரப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகளில் வன்செயல் வெடித்தது. அதற்கு உடனடிக் காரணம் வேறு என்றாலும், அம்பாறைக் குளிசையின் கதையும் அந்தக் கூட்டங்களின் வாயில் இருந்தது. மார்ச் 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை இதெல்லாம் நடந்த பிறகே வெளிவந்தது. அந்தக் கட்டி வெறும் மாவுப்பொருள். சரியாகக் கரையாத மா.

ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் குளிசை என்று மருத்துவ உலகில் ஒன்று இல்லை. இதை அன்றே எந்த வைத்தியரும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பயத்தைப் பிறத்தியாரின் அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மூத்தம்மாவின் ‘மருந்து வெச்சிட்டாங்க’வும் அந்தக் குளிசையும் ஒரே வேரில் முளைத்தவை. அடுத்தவர் கையால் வரும் சோற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்ற பயம் அது. 2003இல் நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் இதே பயம் முஸ்லிம்களிடையே வேறு வடிவில் வந்தது. போலியோ சொட்டு மருந்து பெண்பிள்ளைகளை மலடாக்கும் என்று நம்பி மாதக் கணக்கில் அதை நிறுத்தினார்கள். போலியோ ஒழிந்திருந்த பல நாடுகளுக்கு அங்கிருந்து நோய் மீண்டும் போனது. குற்றம் சாட்டுகிறவர் யார், சாட்டப்படுகிறவர் யார் என்பது இடத்துக்கு இடம் மாறும், கதை ஒன்றுதான்.

இனி, கண்ணால் காணக்கூடிய மருந்துக்கு வருகிறேன்.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அதன் சேனாநாயக்க சமுத்திரமும் இந்தக் கரையின் நெற்செய்கையை மாற்றின. இரண்டு போகமும் தண்ணீர் வந்தது. பின்னால் புதிய நெல்லினங்கள் வந்தன, பசளை வந்தது, கிருமிநாசினியும் களைநாசினியும் வந்தன. எனக்கு விவரம் தெரிந்த நாளில் மாமா மருந்து அடிப்பதை வரம்பில் இருந்து பார்த்திருக்கிறேன். முதுகில் மாட்டும் டாங்கியில் வாய்க்கால் தண்ணீரை நிரப்புவார். போத்தல் மூடியால் அளந்து ஊற்றுவார். பூச்சி கூடுதல் என்றால் ஒரு மூடி கூட. கையில் கிடைத்த தடியால் கலக்குவார். தடி இல்லாவிட்டால் கையால். மூக்கைச் சுற்றி ஒரு துவாய், மடித்துக் கட்டிய சாரம், வெறுங்கால். வேலை முடிந்ததும் டாங்கியையும் போத்தலையும் அதே வாய்க்காலில் அலசுவார். கொஞ்சம் கீழே பிள்ளைகள் குளித்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் வரம்பிலேயே குந்தி வாந்தி எடுத்தார். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. ‘வெயில் அடிச்சிட்டு’ என்று செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தோம். கிருமிநாசினி நரம்பைத் தாக்கும்போது தெரியும் அடையாளங்கள் அவை என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அதே வீட்டில் உம்மா பயத்தங்காயை உப்பும் வினாகிரியும் கலந்த தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைப்பார், ‘மருந்து’ போகவேண்டும் என்று. அதில் தவறில்லை. ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவினால் மேலே ஒட்டியிருப்பதில் ஒரு பகுதி போகும். செடிக்குள் ஊறிவிட்டது போகாது. ஆனால் மருந்தைக் கையால் கலக்கி, மூச்சில் இழுத்து, சட்டை நனைய நடக்கும் மனிதனின் உடலுக்குள் போகும் அளவுக்கு முன்னால், கழுவிச் சமைத்த பயத்தங்காயில் மிஞ்சுவது மிகச் சிறிது. எங்கள் பயமெல்லாம் சமையலறைச் சட்டியில் இருந்தது. ஆபத்து வரம்பில் இருந்தது.

இலங்கையில் அந்த மருந்து செய்த மிகப் பெரிய கொலை உணவு வழியாக நடக்கவில்லை. 1995இல் நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. பெரும்பாலானவை ஒரு கணத்துக் கோபத்தில், ஒரு சண்டைக்குப் பிறகு, வீட்டில் கைக்கெட்டிய தூரத்தில் இருந்த கிருமிநாசினியால் நடந்தவை. மனம் ஆறுவதற்கு ஒருநாள் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள். ஆனால் அந்த மருந்து அந்த ஒருநாளைக் கொடுக்காது.

இதற்கு நாடு செய்த காரியம் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மருந்தாக எடுத்து, எது ஆளைக் கொல்கிறது என்று ஆஸ்பத்திரிக் கணக்கையும் பார்த்து, தடை செய்தார்கள். 1984இல் பரத்தியோனும் மெத்தில் பரத்தியோனும் நின்றன. 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ். அவை போனதும் எண்டோசல்பானின் பாவனை கூடியது. 1998இல் அதுவும் நிறுத்தப்பட்டது. 2008க்கும் 2011க்கும் இடையில் டைமெத்தோயேட், பென்தியோன், நம் வயல்களில் ‘கிரமக்ஸோன்’ என்று பெயர்பெற்ற பரகுவாட் ஆகியன படிப்படியாக விலக்கப்பட்டன. தற்கொலை விகிதம் 70 வீதத்துக்கு மேல் வீழ்ந்தது. இரண்டு தசாப்தங்களில் சுமார் 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. நெல் விளைச்சல் இதனால் குறையவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் மாற்று இருந்தது. மனிதர்களின் துயரம் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. கையில் இருந்த விஷத்தின் கடுமை குறைந்தது, அவ்வளவுதான். அதுவே இத்தனை பேருக்கு இன்னொரு விடியலைக் கொடுத்தது.

‘எந்த மருந்து?’ என்று கேட்டு எடுத்த தடை அது. கேட்காமல் எடுத்த தடையையும் இதே நாடு கண்டது.

1990களின் நடுப்பகுதியிலிருந்து வடமத்திய மாகாணத்தின் பதவிய, மதவாச்சி போன்ற இடங்களில் விவசாயிகளின் சிறுநீரகங்கள் காரணம் தெரியாமல் பழுதாகின. சீனி வருத்தமும் இல்லை, பிரசரும் இல்லை. அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டியிலும் அந்த நோய் இருக்கிறது. கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட், கட்மியம், வெயிலில் தண்ணீர் குடியாமல் வேலை செய்வது, விவசாய இரசாயனங்கள் என்று ஒவ்வொன்றையும் ஆராய்ந்தார்கள். ஒன்றுமட்டுமே காரணம் என்று இன்றுவரை நிறுவப்படவில்லை. 2015இல் கிளைபோசேட் களைநாசினி தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. 2022இல் தடை நீங்கியது. இடையில் 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியால் யூரியா முதல் களைநாசினி வரை எல்லா விவசாய இரசாயனங்களின் இறக்குமதியும் நிறுத்தப்பட்டது. 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து வருடத்தில் செய்வதாகச் சொன்ன மாற்றம், ஒரு போகத்தில் செய்யச் சொல்லப்பட்டது.

யூரியா பயிருக்கு நைதரசன் கொடுப்பது. பரகுவாட் ஒரு வாய் போனாலே ஆளைக் கொல்லக்கூடியது. இரண்டையும் ‘இரசாயனம்’ என்ற ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டினார்கள். அந்தப் பெரும்போகம் எங்கள் வட்டையில் நெல் மஞ்சள் பூத்து நின்றதை மறக்கமாட்டேன். நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது விதைத்தவர்களுக்குக் காலம் கடந்துவிட்டது. விளைச்சல் வீழ்ந்தது, நாடு அரிசியை இறக்குமதி செய்தது. இயற்கைப் பசளைக்கு நான் எதிரியல்ல. மாட்டெருவும் கிளிசரிடியாத் தழையும் மண்ணுக்கு என்ன செய்யும் என்று எங்கள் போடிமார் அறிவார்கள். ஆனால் நஞ்சற்ற சோறு என்ற நல்ல ஆசை இப்படி அவசரப்பட்டதால், அந்தப் பேச்சை எடுத்தாலே விவசாயி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலை வந்துவிட்டது. இந்த இழப்பைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை.

அதே 2021இல், மார்ச் மாதம், சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்னர், இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்லாடொக்சின் இருப்பதாகத் தெரியவந்து நாடே கலங்கியது. கடைகளில் ‘எண்ணெயில கெமிக்கலாம்’ என்று பேசிக்கொண்டார்கள். யாரும் கலந்த கெமிக்கல் அல்ல அது. சரியாகக் காயாத கொப்பராவில் பூக்கும் பூஞ்சணம் தானே சுரக்கும் நஞ்சு. நெடுங்காலம் உடலில் சேர்ந்தால் ஈரலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. 1960இல் இங்கிலாந்தில் நிலக்கடலைப் பிண்ணாக்கு தின்ற வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் செத்தபோதுதான் இதை அடையாளம் கண்டார்கள். கச்சானிலும் மிளகாயிலும் சோளத்திலும் அது வரும். சுருங்கிப்போன, கசக்கும் கச்சானைத் துப்பிவிடு என்று சின்னவயதில் உம்மா சொன்னது முற்றிலும் சரியான அறிவு.

மீனிலும் அப்படித்தான். சூரை மீனை வெயிலில் ஐஸ் இல்லாமல் போட்டால் கிருமிகள் அதில் ஹிஸ்டமினை உண்டாக்கும். உண்டவுடன் முகம் சிவந்து, தலை இடித்து, உடல் தடிக்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. அங்கே தேவை ஐஸ்.

மூத்தம்மாவின் வட்டாவில் இருந்த பாக்கையும் சேர்த்துச் சொல்லவேண்டும். உணவில் நிறம் சேர்த்திருந்தால் தொடமாட்டார். அஜினோமோட்டோ போட்ட கறி என்றால் தட்டை ஒதுக்கிவிடுவார். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் மட்டும் விடிந்தது முதல் வாயில் இருக்கும். பாக்கு மனிதருக்குப் புற்றுநோயைத் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் உறுதிசெய்து 2004இல் அறிக்கை வெளியிட்டது, புகையிலை சேராவிட்டாலும். இலங்கை ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். மரத்தில் காய்த்தது, கல்யாணத்துக்கு வைப்பது என்பதால் அதன்மேல் எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை. மூத்தம்மாவின் கன்னத்தின் உட்பக்கம் வெள்ளை படர்ந்து, வாய் திறக்க முடியாமல் ஆனபோது கூட, பல்லுவலி என்றுதான் எண்ணினோம்.

சீனிக்கும் இந்த மன்னிப்பு உண்டு. எங்கள் வீடுகளில் வந்தவருக்குக் கொடுக்கும் பிளேன்டீயில் மூன்று தேக்கரண்டி சீனி. குறைத்தால் மரியாதைக் குறைவு. ஒரு கரண்டி 4 கிராம் என்று வைத்தாலும் நாளுக்கு ஐந்து கோப்பையில் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவருக்குச் சொல்லும் உச்ச அளவு 50 கிராம். 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. வட்டிலப்பமும் தொதலும் இந்தக் கணக்கில் சேரவில்லை. 2016 ஓகஸ்ட் முதல் மென்பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்கள் வந்தன. 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அது நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டுத் தேத்தண்ணிக் கோப்பையில் வட்டம் போட யாரும் இல்லை.

சீனி வருத்தம் வந்தபின் உம்மா பயந்தது சீனிக்கு அல்ல, குளிசைக்கு. “இங்கிலீஷ் மருந்து சூடு மனே, கிட்னியப் பழுதாக்கிப்போடும்” என்பார். மெட்போமின் குளிசையைப் பாதியாக உடைத்துப் போடுவார். சில கிழமைகளில் அதுவும் இல்லை. முழங்கால் வலிக்கு மட்டும் பாமசியில் கேட்டு வாங்கிய வலிக்குளிசையைத் தினமும் விழுங்குவார், அது உடனே சுகம் தருவதால். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சீனியும் பிரசரும். டைக்குளோபெனாக் போன்ற வலிக்குளிசைகளும் நாள்தோறும் விழுங்கினால் அதையே செய்யும். மெட்போமின் ஆரோக்கியமான சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால்தான் அதன் அளவைக் குறைக்கவேண்டும், சிலவேளை நிறுத்தவேண்டும். உம்மாவின் பயம் நியாயமானது. அது விழுந்த குளிசைதான் தவறு.

அந்த ‘இங்கிலீஷ்’ மருந்தின் பூர்வீகமும் ஒரு செடிதான். ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் இருந்த கலேகா என்ற செடியில் சீனியைக் குறைக்கும் பொருள் இருப்பது தெரிந்தது. செடி அப்படியே மாடுகளுக்கு நஞ்சு. அதன் வழிவந்த ஒரு சேர்மத்தைத்தான் 1957இல் ஜான் ஸ்டேர்ன் என்ற பிரெஞ்சு வைத்தியர் மனிதருக்கு உகந்ததென்று காட்டினார். நம் நாட்டின் கொத்தல ஹிம்புட்டு என்ற மூலிகைக்கும் அப்படி ஒரு சோதனை நடந்தது. 51 நோயாளிகளுக்கு அதில் செய்த தேநீரையும் போலித் தேநீரையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, எது யாருக்கு என்று இருதரப்புக்கும் தெரியாமல் ஆராய்ந்தார்கள். சீனி குறைந்தது, 2005இல் முடிவு வெளியானது. நாட்டு வைத்தியத்துக்குச் செய்யும் மரியாதை இதுவென்று நினைக்கிறேன். பெயரோ உள்ளடக்கமோ எழுதாத பொட்டலத்தில் விற்கும் ‘மூலிகைத் தூள்’ வேறு கதை. அத்தகைய தூள்களில் ஸ்டீரொயிட்டும் சீனியைக் குறைக்கும் நவீன மருந்தும் இரகசியமாகக் கலந்திருந்ததைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். உண்டவுடன் சுகம் தெரிவது அதனால்தான்.

மக்கள் வைத்தியரை ஏன் நம்பவில்லை என்று வைத்தியர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 2019இல் குருநாகல் வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் ஆயிரக்கணக்கான பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்று குற்றம் சாட்டப்பட்டார். குற்றச்சாட்டு நிறுவப்படவில்லை, பின்னர் அவர் வேலைக்குத் திரும்பினார். அந்த நாட்களில் நம்மவர் கண்டது, வெள்ளைச் சட்டைக்குள்ளும் வதந்தி நுழையும் என்பதை. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி இறுதி வரை கோவிடால் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்கவேண்டும் என்றார்கள். புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்பது காரணம். புதைக்கவும் எரிக்கவும் உலக சுகாதார நிறுவனம் இடம் கொடுத்திருந்தது. பிறந்து 20 நாளான குழந்தையும் எரிக்கப்பட்டது. பிறகு ஓட்டமாவடியில் அடக்க அனுமதித்தார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அந்த மாதங்களில் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தவர்களை நான் அறிவேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் மையித்தும் திரும்பி வராது என்று பயந்தார்கள். விஞ்ஞானத்தின் பெயரால் சொல்லப்பட்ட ஒரு ஆதாரமற்ற வார்த்தை, ஆதாரமுள்ள நூறு வார்த்தைகளின் மீதான நம்பிக்கையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அதைத் திரும்பப் பெறுவது சின்னச் சின்ன இடங்களில்தான் நடக்கும். நோன்பு வந்தால் கிளினிக்கில் ‘நோன்பு பிடிக்காதீங்க’ என்ற இரண்டு சொல்லோடு கொப்பியை மூடிவிடுகிறவர்கள் உண்டு. உம்மா சரியென்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து நோன்பும் பிடித்து குளிசையையும் விட்டுவிடுவார். ஒரு வருடம் இளம் வைத்தியை ஒருவர் கதிரையைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார். எந்தக் குளிசையை நோன்பு திறக்கும்போது, எதை ஸஹருக்கு, சீனி எவ்வளவு குறைந்தால் நோன்பை விடவேண்டும் என்று கொப்பியின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த நோன்பு முழுக்க உம்மா அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். ஒரு குளிசையும் தவறவில்லை.

போன மாசியில் மாமா, வரம்போரப் பந்தலில் பயத்தங்காய் ஆய வா என்று கூப்பிட்டார். சந்தைக்காரனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. பந்தலடியில் மருந்துப் போத்தல் கிடந்தது. நாலு நாளுக்கு முன்தான் அடித்திருக்கிறார். அவருக்குக் கண் மங்கிவிட்டது, என்னிடம் தந்தார். போத்தலில் ஒட்டியிருந்த துண்டு பாதி கிழிந்திருந்தது. மருந்தின் பெயரை வாசித்தேன், ஒரு டாங்கிக்கு எத்தனை மில்லிலீட்டர் என்று வாசித்தேன். கடைசியாக அடித்தபிறகு அறுவடைக்கு 14 நாள் பொறுக்கவேண்டும் என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது.

“இவ்வளவும் தமிழ்லயா எழுதியிருக்கான்?” என்றார்.

விரலை மடக்கி எண்ணினார். பிறகு ஆய்ந்து வைத்திருந்த இரண்டு கட்டையும் அவிழ்த்துப் பந்தலடியில் போட்டுவிட்டு, சந்தைக்காரனுக்குச் சொல்ல போனை எடுத்தார்.